வாசகர் கேள்வி பதில்: அலாஸ்காவுக்கு எந்தக் கப்பல்?

கேள்வி: நாங்கள் சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள ரெட்மண்டில் குடியிருக்கிறோம். வரும் மே மாதக் கடைசியில் என் பெற்றோர் காரைக்குடியிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு தங்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. அவர்கள் அமெரிக்காவுக்கு வருவது இதுவே முதல் முறை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நெடுந்தூரம் நடக்க இயலாது. இருவரும் முட்டைகூடச் சேர்க்காத சைவ உணவுக்காரர்கள். எங்களுக்குப் பத்து வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். ஆறு பேரும் சியாட்டிலில் கப்பல் ஏறி, ஏழு நாளில் அலாஸ்கா சென்று திரும்ப விரும்புகிறோம். என் கணவர் குழந்தைகளை மனத்தில் வைத்து நார்வீஜியன் பிளிஸ் கப்பலில் போகலாம் என்கிறார். ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் யூரோடாம் கப்பலே பெரியவர்களுக்கு ஏற்றது என்று எனக்குப் படுகிறது. நாங்கள் பார்த்த தேதிகளில் இரண்டுக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?
– ரெட்மண்ட் வாசகி

பதில்: யூரோடாமில் செல்லுங்கள். ஆனால் அதற்குமுன் இரண்டு காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் தேதியின் பயணத் திட்டத்தில் கிளேசியர் பே தேசியப் பூங்கா இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பெற்றோருக்குக் கனடா விசா கைக்கு வரும் வரை, திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டாதீர்கள். கப்பல்களை ஒப்பிடத் தொடங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் நீச்சல் குளத்தையும் உணவகங்களையும் எண்ணிப் பார்க்கின்றன. அலாஸ்காப் பயணத்தைப் பொறுத்தவரை, கப்பல் எந்த வழியில் போகிறது, எங்கே நிற்கிறது, அங்கே உங்கள் தாயார் எதை எவ்வளவு எளிதாகக் காண முடியும் என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். பெரிய கப்பலில் நெரிசல் அதிகம், சிறிய கப்பலில் தாராளமாக இருக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். 2018-இல் கடலுக்கு வந்த பிளிஸ் சுமார் 1,68,000 டன் கொள்ளளவு கொண்டது. அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஏறத்தாழ 4,000 பயணிகளை ஏற்றுகிறது. 2008-இல் கடலுக்கு வந்த யூரோடாம் சுமார் 86,000 டன். ஏறத்தாழ 2,100 பயணிகள். இங்கே டன் என்பது எடை அன்று, கப்பலின் உட்புறக் கன அளவைக் குறிக்கும் கொள்ளளவு. வகுத்துப் பார்த்தால் ஒரு பயணிக்குக் கிடைக்கும் இடம் பிளிஸில் சுமார் 42 டன், யூரோடாமில் சுமார் 41 டன். ஆகவே தலைக்கு இவ்வளவு இடம் என்ற கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு அந்த இடத்தை எதற்குச் செலவிட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பிளிஸ் தன் மேல்தளங்களை இரண்டு அடுக்குக் கார்ப் பந்தயப் பாதைக்கும், நீர்ச்சறுக்குகளுக்கும், லேசர் துப்பாக்கி விளையாட்டுக்கும், உயர் கட்டணம் செலுத்துவோர் மட்டும் நுழையக்கூடிய ஹேவன் பகுதிக்கும் கொடுத்திருக்கிறது. யூரோடாமில் இவை இல்லை; கப்பலைச் சுற்றி நடக்க அகலமான நடைத்தளமும், மழையிலும் மூடிக்கொள்ளும் கூரையுடைய நீச்சல் குளமும், இசைக்கூடங்களும் இருக்கின்றன. அதோடு, தலைக்கு இடம் ஒன்றாக இருந்தாலும், ஒரே துறைமுகத்தில் ஒரே காலை நேரத்தில் நான்காயிரம் பேர் இறங்குவதும் இரண்டாயிரம் பேர் இறங்குவதும் ஒன்றாகிவிடாது. வரிசையில் நிற்க இயலாத முழங்காலுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இனி, நான் யூரோடாம் என்று சொல்வதற்கு முதன்மையான காரணம். கிளேசியர் பே ஒரு துறைமுகம் அன்று. அங்கே யாரும் கரையில் இறங்குவதில்லை. கப்பல் காலையில் வளைகுடாவுக்குள் நுழைந்து, பகலின் பெரும்பகுதியை உள்ளேயே கழித்து, மாலையில் வெளியேறுகிறது. பூங்காவின் வனக்காவலர்கள் ஒரு சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுகிறார்கள். 1794-இல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் குழு இந்தக் கரையை அளந்தபோது, இன்று கப்பல் மிதக்கும் வளைகுடா ஏறத்தாழ முழுவதும் பனிக்கட்டியாக இருந்தது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது அந்தப் பனி பல பத்துக் கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. வளைகுடாவின் கடைக்கோடியில் மார்ஜரி பனியாறு நேராகக் கடலில் வந்து முடிகிறது: ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளம், முகப்பில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலம், நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 அடி உயரம். கப்பல் அதன் எதிரே நின்று, ஒரே இடத்தில் மெல்லச் சுற்றித் திரும்புகிறது. பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு உடைந்து கடலில் விழும்போது, முதலில் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, சற்றுப் பிந்தித்தான் ஓசை வந்து சேர்கிறது. அந்த ஓசையை அந்நிலத்தின் பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்கள் வெள்ளை இடி என்று சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அங்கே அழைத்துச் சென்றேன். கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தவர், மதிய உணவுக்குக்கூட எழுந்து வர மறுத்து, அந்த நீல நிறப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நடக்க இயலாத ஒருவர், நடந்து செல்லும் மற்றவர்கள் காணும் அனைத்தையும் சிறிதும் குறையாமல் காணக்கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை. உங்கள் தாயாருக்கு அந்த நாள் கிடைக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இந்த வளைகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் பூங்கா நிர்வாகம் அனுமதிப்பதில்லை. அங்கே கோடையைக் கழிக்க வரும் கூன்முதுகுத் திமிங்கலங்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் இடையூறு மிகாமல் காப்பது இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம். அனுமதி ஒருசில நிறுவனங்களுக்கே பங்கிடப்பட்டிருக்கிறது; ஹாலந்து அமெரிக்கா அவற்றுள் முன்னணியில் இருக்கிறது, யூரோடாமும் பல பருவங்களாகச் சியாட்டிலிலிருந்து அங்கே சென்று வருகிறது. நார்வீஜியன் நிறுவனத்துக்கும் அனுமதி உண்டு. ஆயினும் அதன் எல்லாக் கப்பல்களும் எல்லா வாரமும் அங்கே போவதில்லை. பல பயணங்கள் அதற்குப் பதிலாக எண்டிகாட் ஆர்ம் என்னும் குறுகிய கடற்கழிக்குச் சென்று டாஸ் பனியாற்றைக் காட்டுகின்றன. அதுவும் அழகிய இடந்தான், ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் வழியை அடைத்துக்கொண்டால் கப்பல் பனியாறு கண்ணில் படுமுன்பே திரும்ப நேரிடும். உங்கள் கணவர் பார்த்து வைத்திருக்கும் பிளிஸ் பயணத்தில் இவற்றுள் எது இருக்கிறது என்பதை அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிளிஸுக்கு உரிய பெருமையை மறைப்பது நேர்மையாகாது. அதன் முன்பக்க மேல்தளத்தில் சுமார் 20,000 சதுர அடியில், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியிட்ட ஒரு பார்வைக்கூடம் அமைத்திருக்கிறார்கள். குளிர்க்காற்று படாமல், கையில் சூடான தேநீரோடு, மலைகளையும் கடலையும் அங்கிருந்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அலாஸ்காவை நினைத்துக் கட்டப்பட்ட கப்பல் என்று அதைச் சொல்வதற்குத் தகுந்த இடம் அது. என்னுடைய ஒரே குறை, நான்காயிரம் பேரில் பலருக்கும் அதே நேரத்தில் அதே எண்ணம் தோன்றுகிறது என்பது. பனியாற்றை நெருங்கும் காலை வேளையில் சன்னலோர நாற்காலி வேண்டுமானால் உங்கள் தந்தையார் விடியற்காலையிலேயே அங்கே போய் அமர வேண்டியிருக்கும். யூரோடாமிலும் மேல்தளத்தில் க்ரோஸ் நெஸ்ட் என்னும் கண்ணாடிக் கூடம் உண்டு. அது சிறியது, ஆனால் கூட்டமும் சிறியது. அதைவிட முக்கியம், மூன்றாம் தளத்தில் கப்பலை முழுவதுமாகச் சுற்றிவரும் மரத்தள நடைபாதை. மூன்று சுற்று நடந்தால் ஒரு மைல். கடல் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் திமிங்கலம் மூச்சுவிடும்போது எழும் நீராவியை இங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். உங்கள் தந்தையார் ஊரில் காலை நடைப் பழக்கம் உள்ளவராக இருந்தால், கப்பலில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

துறைமுகங்களிலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கெட்சிகன் ஊரில் யூரோடாம் போன்ற கப்பல்கள் பொதுவாகக் கடைவீதியின் ஓரத்திலேயே நிற்கின்றன. படகுத்துறையிலிருந்து சில நிமிடம் நடந்தால் மரக்கம்பச் சிற்பங்களையும் சால்மன் மீன்கள் ஏறிவரும் ஓடையையும் நோக்கிப் போகலாம். நார்வீஜியன் கப்பல்கள் ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வார்டு கோவ் என்னும் துறையில் நிற்பது வழக்கம். அங்கிருந்து ஊருக்குப் பேருந்து உண்டு, கட்டணமும் இல்லை. ஆனால் ஏறி இறங்குவதும் காத்திருப்பதும் இருமுறை. கெட்சிகன் அமெரிக்காவில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொண்டால், களைத்தவுடன் அறைக்குத் திரும்பிவிட முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பது புரியும். ஜூனோவில் இரண்டு கப்பல் பயணிகளுக்கும் நிலைமை ஒன்றே. மாநிலத்தின் தலைநகராக இருந்தும் வெளியூர்களோடு சாலை இணைப்பு இல்லாத ஊர் அது. அங்கிருந்து 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பேருந்தில் செல்லலாம். பார்வையாளர் மையத்தின் கண்ணாடிச் சுவர் அருகே அமர்ந்தபடி பெரியவர்கள் பார்க்கலாம், நீங்கள் பிள்ளைகளோடு நகெட் அருவி வரை நடந்து வரலாம்.

இப்போது பிள்ளைகள். உங்கள் கணவரின் கவலை நியாயமானது. பிளிஸ் பிள்ளைகளுக்கு நிச்சயம் கூடுதல் மகிழ்ச்சி தரும். யூரோடாமில் பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டு மன்றமும் பொறுப்பாளர்களும் உண்டு, ஆனால் நீர்ச்சறுக்கு கிடையாது, உடன் விளையாடும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைவு. பயணிகளில் ஓய்வு பெற்றவர்களே மிகுதி. இரவு பத்து மணிக்குமேல் கப்பல் அமைதியாகிவிடும். இருந்தாலும் இரண்டைச் சொல்ல வேண்டும். பிளிஸில் கார்ப் பந்தயத்துக்கும் லேசர் விளையாட்டுக்கும் தனிக் கட்டணம், அதுவும் ஒவ்வொரு முறைக்கும். ஜூன் மாதத்திலும் 10 முதல் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நனைந்த உடலோடு மேல்தளத்தில் வரிசையில் நிற்க ஆறு வயதுப் பிள்ளை எத்தனை முறை விரும்புவான் என்பதையும் யோசியுங்கள். உங்கள் பிள்ளைகள் சியாட்டிலுக்கு அருகில் வளர்கிறார்கள். அந்தப் பெரிய கப்பல் அவர்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவில், பியர் 66 துறையிலிருந்து, கோடைதோறும் புறப்படுகிறது. அவர்களுக்கு அடுத்த ஆண்டும் உண்டு, அதற்கடுத்த ஆண்டும் உண்டு. 74 வயதில் காரைக்குடியிலிருந்து வருபவருக்கு இந்த ஒரு கோடையே கையில் இருக்கிறது. ஆகவேதான் இந்த முறை தாத்தா பாட்டியின் கப்பலில் பிள்ளைகள் போகட்டும் என்கிறேன். யூரோடாம் அதே நகரின் பியர் 91 துறையிலிருந்து புறப்படுகிறது; இரண்டு துறைகளும் வெவ்வேறு இடங்கள் என்பதை வண்டி ஓட்டுபவருக்கு நினைவூட்டுங்கள்.

உணவைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது போலவே நானும் கவலைப்பட்டிருக்கிறேன். பொதுவான அனுபவத்தில், பிளிஸின் பஃபே உணவகத்தில் இந்தியக் குழம்பு வகைகளும் சோறும் தினமும் கிடைக்கும். இந்த ஒன்றில் பிளிஸுக்கே முன்னுரிமை. யூரோடாமில் முயற்சி சற்றுக் கூடுதலாகத் தேவை. முன்பதிவு செய்யும்போதே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் இந்திய சைவ உணவு என்று தெரிவியுங்கள். வெறுமனே சைவம் என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் உள்ள உணவு வரும். ஆகவே மீன், இறைச்சிச் சாறு, முட்டை, ஜெலட்டின் எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். கப்பல் ஏறிய முதல் மாலையே பெரிய உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரைச் சந்தித்து அதையே மீண்டும் சொல்லுங்கள். ஒரே மேசையையும் ஒரே பரிமாறுபவரையும் ஏழு நாளுக்கும் கேட்டு வாங்குங்கள். மறுநாள் என்ன வேண்டும் என்பதை முந்தின இரவே சொல்லிவிட்டால் சமையலறை செய்து தரும். கிளேசியர் பேவில் பயணிகள் குளிரில் நிற்கும்போது திறந்த தளத்தில் டச்சுப் பட்டாணி சூப் கொடுப்பது இந்த நிறுவனத்தின் நீண்டகால வழக்கம். பார்ப்பதற்கு நம் பருப்புக் குழம்பு போலவே இருக்கும், ஆனால் மரபுப்படி அதில் பன்றி இறைச்சி சேரும். பெற்றோரின் கைக்குக் கோப்பை வருமுன் நீங்கள் கேட்டுவிடுங்கள். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் ஏற்றக் கூடாது. மின்சாரக் குக்கரும் வெந்நீர்ச் சுருளும் பறிமுதல் செய்யப்படும். கடையில் வாங்கி முத்திரை உடைக்காத பருப்புப்பொடியும் ஊறுகாயும் பொதுவாகத் தடையில்லை. சூடான சோறும் தயிரும் கிடைத்துவிட்டால் மற்றதை அந்தப் பொடி பார்த்துக்கொள்ளும்.

செலவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பார்த்த கட்டணத்தோடு பணியாளர் ஊக்கத்தொகையாக ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 டாலர் வரை இரண்டு நிறுவனங்களிலும் தனியே சேரும். ஆறு பேருக்கு ஏழு நாள் என்றால் அதுவே எழுநூறு டாலரைத் தாண்டக்கூடும்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது விசா. பிளிஸ் பஹாமாஸ் கொடியோடும் யூரோடாம் நெதர்லாந்துக் கொடியோடும் ஓடும் கப்பல்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, அமெரிக்கத் துறைமுகங்களுக்கு மட்டுமே அழைத்துச் சென்று திரும்ப, 1886-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்களை அனுமதிப்பதில்லை. வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டாக வேண்டும். சியாட்டில் கப்பல்கள் கடைசி மாலையில் சில மணி நேரம் கனடாவின் விக்டோரியாவில் நிற்பதன் காரணம் இதுவே. உங்கள் பெற்றோர் அங்கே இறங்காமல் அறையில் உறங்கினாலும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் என்பதால் அவர்களுக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசா இருந்தால் போதும் என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள்; விசா இல்லாதவரைச் சியாட்டில் துறையிலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்பாது. நீங்களும் உங்கள் கணவரும் எச்-1பி வேலை விசாவில் இருந்தால் உங்களுக்கும் அதே விதி. கிரீன் கார்டு வைத்திருந்தால் விசா வேண்டாம்; கார்டும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் போதும். விண்ணப்பத்தோடு கைரேகையும் தர வேண்டும் என்பதால், பெற்றோர் இந்தியாவில் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. அவர்களின் அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கு உரியதுதானா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விக்டோரியாவிலிருந்து சியாட்டில் திரும்புவது மறு நுழைவாகும்.

கேள்வி: என் மாமனாரும் மாமியாரும் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டார்கள். கனடா விசாவுக்கு இனி நேரமில்லை. கனடாவைத் தொடாமல் அலாஸ்கா செல்லும் கப்பல் உண்டா?
– சான் ஹோசே வாசகர்

பதில்: பெரிய கப்பல்களில் இல்லை. 2021-இல் கனடா தன் துறைமுகங்களை மூடியிருந்தபோது மட்டும் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு அளித்தது, அது முடிந்துவிட்டது. வான்கூவரில் ஏறும் பயணங்களுக்கும் கனடா விசா தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கொடியுள்ள சிறு கப்பல்கள் சில ஜூனோவிலிருந்து புறப்பட்டு அலாஸ்காவுக்குள்ளேயே சுற்றி வருகின்றன. அவற்றில் இருநூறு பேருக்கும் குறைவாகவே ஏறுவதுண்டு, கட்டணமோ பெரிய கப்பலைப் போலப் பல மடங்கு.

உங்கள் நிலையில் நான் கப்பலை விட்டுவிட்டு நிலவழியாகச் செல்வேன். சியாட்டில் வழியாக விமானத்தில் ஆங்கரேஜ் சென்று இறங்குங்கள். அதற்குக் கனடா விசா வேண்டாம். அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் போர்ட்டேஜ் ஏரி இருக்கிறது. ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் பனியாற்றின் முகப்புக்கு எதிரே கொண்டு நிறுத்துகிறார்கள், பெரியவர்களுக்கு இதைவிட எளிதான பனியாறு வேறில்லை. மறுநாள் அலாஸ்கா ரயிலில் சீவர்டு சென்றால், வழிநெடுகக் கடற்கழியும் மலையும் சன்னலுக்கு வெளியே வரும். சீவர்டிலிருந்து கெனாய் பியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் பகல்நேரப் படகுகள் உண்டு. ஆறு மணி நேரப் பயணத்தில் திமிங்கலம், கடற்சிங்கம், கடலில் இறங்கும் பனியாறு அனைத்தையும் காணலாம். அந்தப் படகு திறந்த கடலைச் சற்றுத் தொட்டுச் செல்வதால், தலைசுற்றல் உள்ளவர்கள் வளைகுடாவுக்குள்ளேயே திரும்பிவிடும் குறுகிய பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: எனக்குப் பேருந்தில் போனாலே குமட்டும். அலாஸ்கா கப்பலில் கடல் ஆட்டம் எப்படி இருக்கும்? பெரிய கப்பலாக இருந்தால் ஆட்டம் குறையுமா?
– டாலஸ் வாசகி

பதில்: ஒரே அலையில் பெரிய கப்பல் சிறிய கப்பலைவிடக் குறைவாக ஆடும் என்பது பொதுவாக உண்மை, மேலே முதல் வாசகிக்கு நான் சொன்ன தேர்வில் பிளிஸுக்குச் சாதகமான இன்னொன்றாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் உங்களைப் போன்றவர்களுக்குக் கப்பலின் அளவைவிடப் புறப்படும் துறைமுகமே முக்கியம். சியாட்டிலிலிருந்து செல்லும் கப்பல்கள் பொதுவாக வான்கூவர் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக் கடல் வழியே வடக்கே போகின்றன. முதல் நாளும் திரும்பும் நாளும் ஆட்டம் தெரியும். வான்கூவரில் புறப்படும் கப்பல்கள் அந்தத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கடல்வழியே செல்கின்றன. இருபுறமும் காடடர்ந்த மலைகள் காற்றைத் தடுப்பதால், சில மணி நேரம் நீங்கலாகக் கடல் ஏரி போலிருக்கும். ஆகவே உங்களுக்குக் கனடா விசா இருந்தால், அல்லது தேவையில்லை என்றால், ஹாலந்து அமெரிக்காவின் கோனிங்ஸ்டாம் போல வான்கூவரிலிருந்து புறப்படும் கப்பலைப் பாருங்கள்.

எந்தக் கப்பலானாலும் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை எடுங்கள். முன்முனையும் உயர்ந்த தளங்களும் அதிகம் ஆடும். குமட்டல் மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் எடுத்துக்கொண்டால்தான் பயன் தரும். கண்ணில் நீர் அழுத்த நோயோ புரோஸ்டேட் வீக்கமோ உள்ள முதியவர்கள் இந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. உடன் வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். மகன் எங்களுக்கு அலாஸ்கா பயணம் ஏற்பாடு செய்கிறான். பால்கனி உள்ள அறைக்கு அவன் அதிகப் பணம் கட்ட வேண்டாம் என்று நினைக்கிறோம். சன்னல் இல்லாத உள்ளறையே போதுமா?
– நியூஜெர்சி வாசகர்

பதில்: மற்றக் கடல்களில் உள்ளறை போதும் என்று தயங்காமல் சொல்வேன், அங்கே பகல் முழுவதும் நீங்கள் வெளியில்தான் இருப்பீர்கள். அலாஸ்காவில் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஜூன் மாதத்தில் ஜூனோவில் பகல் வெளிச்சம் சுமார் 18 மணி நேரம் நீடிக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துக்கொள்ளும் பழக்கமுள்ள உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு, அந்த நேரத்தில் மேல்தளம் வரை உடை மாற்றிக்கொண்டு போகாமல், கதவைத் திறந்ததும் மலையும் கடலும் எதிரே நிற்பது பெரிய கொடை. உள்ளறையில் வெளிச்சம் சிறிதும் வராததால் பகல் இரவு தெரியாமல் உறக்கம் கெடுவதும் உண்டு. இருவருக்கும் கால்வலி இல்லை, நாள் முழுவதும் திறந்த தளத்தில் நிற்க முடியும் என்றால் உள்ளறையில் தவறில்லை. இல்லையென்றால் மகன் கொடுக்கும் பால்கனியை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பணத்தைக் குறைக்க வேண்டுமானால் கரைச்சுற்றுலாக்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது திறக்க முடியாத சன்னல் உள்ள அறையை இடைவழியாக எடுக்கலாம். ஆனால் பால்கனியோ சன்னலோ மீட்புப் படகுகளுக்கு எதிரே வரவில்லை என்பதைத் தள வரைபடத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் அறை எடுப்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பனியாற்றின் முன் கப்பல் முழுவதுமாகச் சுற்றித் திரும்புவதால் இருபுற அறைகளுக்கும் காட்சி கிடைக்கும். பக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். காது மூடும் கம்பளிக் குல்லாயும், ஆளுக்கொரு தொலைநோக்கியும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தொலைநோக்கியை இருவர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் திமிங்கலம் மூழ்கிவிடும்.